செய்முறைக்கு ஒதுக்கியது

செம்பூர்
23 ஏப்ரல் 2025

பாகீரதி,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாகச் சமையலறைக் கதவின் பின்புறம் எங்கள் வீட்டு பட்ஜெட்டைத் திரும்ப ஒட்டினேன். ஞாயிற்றுக்கிழமை மண்டபத்திலிருந்து வந்ததும் உன் அண்ணன் அதைக் கிழித்துத் தரையில் வீசியிருந்தார். குனிந்து பொறுக்கினால் அதற்கும் ஓர் அடி விழும் என்று நானும் ஸ்ரீலேகாவும் அதைத் தாண்டித் தாண்டி நடந்தோம். இன்று அவர் பட்டறைக்குக் கிளம்பிய பிறகு செல்லோடேப் போட்டு ஒட்டிவிட்டு, அப்புறம்தான் பல் தேய்த்தேன். தேய்த்தேன் என்று சொல்ல முடியாது. கீழ்வரிசையில் ஒரு பல் ஆடுகிறது. அதைத் தொடாமல் கொப்பளித்தேன்.

உன் போன் உடைந்ததை நானே பார்த்தேன். உன் வீட்டுக்காரர் அதை மண்டபத்து வாசலில் போட்டு மிதித்தார். அதனால்தான் கடிதம். உங்கள் ரூமுக்குக் கீழே மன்சூர் அலியின் பைக்கடை முகவரிக்கு அனுப்புகிறேன். அங்கே பை தைக்கப் போகும்போது வாங்கிக்கொள். பதிலை என் அலுவலக முகவரிக்கு எழுது. வீட்டுக்கு எழுதாதே.

சண்டை தொடங்கியபோது நீ திரைக்குப் பின்னால் இசக்கிக்குச் சடங்கின் அடுத்த புடவையைக் கட்டிவிட்டுக்கொண்டிருந்தாய். சத்தம் கேட்டு நீ ஓடிவந்தது பாதியில். உன் வீட்டில் வேறு மாதிரி சொல்லியிருப்பார்கள், என்னிடமிருந்தும் கேட்டுக்கொள்.

உன் அண்ணன் பந்தியில் உட்கார்ந்திருந்தார். எதிர் வரிசையில் நான். உன் வீட்டுக்காரர் வெளியிலிருந்து வேகமாக வந்து, கையிலிருந்த, நாங்கள் இசக்கிக்குப் போட்ட செயினை அவர் இலையில், ரசம் விட்ட சோற்றின் மேல் போட்டார். "சேட்டு ஒரசிப் பாத்துட்டுச் சிரிக்கான் மச்சான். தங்கச்சி மவ சடங்குக்குத் தாய்மாமன் பித்தளையா கொண்டாருவான்?"

உன் அண்ணன் என்னைத்தான் பார்த்தார். அவருக்குத் தெரியாது, பாகீரதி. செயின் வாங்கியாயிற்று, பட்ஜெட்டுக்குள்ளேயே முடிந்தது என்றுதான் சொல்லியிருந்தேன். அலுவலகத்தில் முன்பணம் வாங்கியிருப்பேன் என்று அவராக நினைத்துக்கொண்டார். நான் திருத்தவில்லை. என் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது. அப்போதுகூட அவர் எழுந்திருக்கவில்லை. செயினை இலையின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு ஒரு கவளம் பிசைந்தார். அடுத்து உன் வீட்டுக்காரர் சொன்னதுதான் எல்லாவற்றையும் கெடுத்தது. "பொண்டாட்டி பேப்பர்ல எழுதி கதவுல ஒட்டிட்டாளாம். இவரு மோளப் போறதுக்கும் அதப் பாத்துட்டுத்தான் போவாராம்."

பந்தியில் யாரோ சிரித்தார்கள். உன் அண்ணன் எழுந்து, பரிமாறிக்கொண்டிருந்தவர் கையிலிருந்த சாம்பார் வாளியைப் பிடுங்கி, அதைச் சுழற்றி அடித்தார். சாம்பார் உன் வீட்டுக்காரரின் கழுத்தில் கொட்டியது. வாளியின் விளிம்பு காதைக் கிழித்தது. அதன் பிறகு நடந்தது நீ பார்த்தது.

உன் அண்ணன் என்னை மண்டபத்து வாசலில் வைத்து அடித்தார். ஆட்டோவிலும் அடித்தார். டிரைவர் கண்ணாடியை மேலே திருப்பி வைத்துக்கொண்டார்.

கவரிங் செயின் என்பது உனக்கும் முன்பே தெரியும் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. நீ உன் வீட்டில் என்ன சொல்லியிருக்கிறாய்? தெரிந்தால்தான் நானும் அதற்கு ஏற்றபடி பேச முடியும்.

விஜயராணி


தாராவி
26-4-25

மதினிக்கு,

ஒங்க கடுதாசிய மன்சூர் அலி பாய் குடுத்தாரு. நான் எட்டாப்பு வரைக்கும்தான், தப்பு இருந்தா நெனச்சுக்கிடாதீங்க.

எல்லாம் எழுதினீங்க. எப்படி இருக்கன்னு ஒரு வரி கேக்கல. இசக்கி எப்படி இருக்கான்னும் கேக்கல. புள்ள சடங்குப் புடவையோட தெருவுல நின்னு அழுதா. ஸ்கூல்ல ஈஷான்னு கூப்பிடுத புள்ளைங்க எல்லாம் வந்திருந்துச்சு, அதுங்க முன்னால. இப்ப ரூம விட்டு வெளிய வர மாட்டேங்கா.

அவிய காதுல தையல் போட்டுருக்கு. கழுத்துத் தோல் உரிஞ்சு கெடக்கு. ஃபேன் காத்து பட்டாலும் கத்துதாவ. கத்தி முடிச்சதும் எனக்கு விழுது. ஆஸ்பத்திரில அடுப்புல விழுந்துட்டேன்னு சொன்னாவ. போலீசு வேண்டாம், நம்ம ஆளுகளுக்குள்ள பேசிக்கிடலாம்னு ஊர்ச் சங்கத்துல சொல்லிட்டாவளாம்.

செயின் எப்படி சேட்டு கடைக்குப் போச்சுன்னு ஒங்களுக்குத் தெரியாது. சமையல்காரன் பந்தி நடுவுல பாக்கி கேட்டு நின்னுட்டான். மொய் நெனச்ச மாதிரி விழல. அவிய உள்ள வந்து, கூட்டத்துல தொலஞ்சிரும், செயினக் கழட்டிக் குடு, நான் வச்சிக்கிடுதேன்னாவ. நான் என்ன சொல்ல முடியும்? வேண்டாம்னா ஏன்னு கேப்பாவ. கழட்டும்போதே எனக்குக் கையி நடுங்குது. பைல வச்சிக்கிடுவாவன்னுதான் நெனச்சேன். நேரா அடகுக்குப் போவாவன்னு யாரு கண்டா?

மைக்குல "தாய்மாமன் செம்பூர் பிரம்மநாயகம், ரெண்டு பவுன் செயின்"னு வாசிச்சாவள்லா, அப்ப இவிய மொகத்துல ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்ப நான் கல்யாணத்துக்கு அப்புறம் பாக்கவே இல்ல. அதப் பாத்துட்டு நான் திரைக்குப் பின்னால போயிட்டேன்.

ஒனக்குத் தெரியுமாட்டின்னு கேட்டாவ. தெரியாதுன்னேன். கழுத்தப் புடிச்சு மறுபடியும் கேட்டாவ. தெரியாது, எல்லாம் மதினி பண்ணினதுன்னு சொல்லிட்டேன். வேற என்ன சொல்லச் சொல்லுதிய? ஐடியாவும் ஒங்களோடதுதான. தாதர்ல ஒரு கடை இருக்கு, ஆறு மாசத்துக்குக் கறுக்காது, தீபாவளி போனஸ்ல நெசச் செயினா மாத்திப் போட்டுரலாம்னு நீங்கதான் சொன்னீங்க. நான் சரின்னேன், அவ்வளவுதான்.

ஒங்க பட்ஜெட்டால எங்க வீட்டுலயும் ஒரு பட்ஜெட் வந்திருக்கு. சாயங்காலம் வந்து ஒக்காந்துக்கிட்டு, ஒம் மதினி மாதிரி நீயும் கணக்குச் சொல்லுன்னு சொல்லுதாவ. பாலுக்கு எவ்வளவு, சொன்னா ஒரு அடி. எண்ணெக்கு எவ்வளவு, ஒரு அடி. நான் இப்ப எண்ணெ வாங்குததே இல்ல.

பாகீரதி


செம்பூர்
30 ஏப்ரல் 2025

பாகீரதி,

எப்படி இருக்கிறாய் என்று கேட்டிருக்க வேண்டும். என்ன பதில் வரும் என்று தெரிந்ததால் கேட்கவில்லை. இசக்கியை நினைக்காத நாள் இல்லை.

தெரியாது என்று நீ சொன்னது சரி. அப்படியே இருக்கட்டும். ஆனால் ஐடியா என்னுடையது மட்டும் என்று எனக்கே எழுதியிருக்கிறாய், அதுதான் உறுத்துகிறது. நான் போன் செய்து, இந்த வருடம் சீர், மொய் என்று செய்முறைக்கு ஒதுக்கியதில் புடவையும் தட்டும் மட்டும்தான் முடியும், உன் வீட்டில் பக்குவமாகச் சொல் என்றேன். "சொன்னா என்னைக் கொன்னுருவாவ மதினி, கவரிங்லயாவது ஒண்ணு போட்டுருங்க" என்றது நீ. கடை பேர் சொன்னது நான். நானும் இதைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். நினைக்க நினைக்க எனக்குச் சாதகமாகவே ஞாபகம் வருகிறது. உனக்கும் அப்படித்தான் இருக்கும். இதை இத்தோடு விட்டுவிடலாம்.

பட்ஜெட்டின் மேல் நீ கோபப்படுவது நியாயம். ஆனால் அது எதனால் வந்தது என்று உனக்குத் தெரியும். ஊரில் யார் வீட்டு விசேஷம் என்றாலும் உன் அண்ணன் கை நிறையச் செய்வார். மைக்கில் பெயர் வாசிக்கும்போது வேறு எங்கோ பார்ப்பது போல நிற்பார். போன தீபாவளிக்கு எங்கள் வீட்டில் அடகு வைக்க மிச்சம் எதுவும் இல்லை. அதன் பிறகு டிசம்பரில்தான் நான் தாளை எடுத்து எழுதினேன். அவர் சம்பளம், என் சம்பளம், வாடகை, அரிசி, கேஸ், ஸ்ரீலேகாவின் கல்லூரி என்று எல்லாவற்றுக்கும் ஒரு வரி. அவரே கீழே கையெழுத்துப் போட்டார்.

நாலு மாதம் அவர் அதைப் பிடித்துக்கொண்டு நின்றதைச் சொன்னால் நீ நம்ப மாட்டாய். சிகரெட்டை விட்டார். பட்டறையில் வடாபாவ் சாப்பிட்டால் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றும் முன் அதை எழுதினார். நான் ஒரு நாள் கொத்தமல்லிக்குக் கொடுத்ததை எழுத மறந்ததற்கு ஸ்ரீலேகாவிடம் என்னைக் கோள் சொன்னார். அந்த நாலு மாதம்தான் இந்த வீட்டில் கை நீளாத நாலு மாதம்.

இப்போது சங்கத்தில், தப்பு உங்கள் வீட்டு மேல்தான், மைக்கில் வாசித்த இரண்டு பவுனையும் போட்டுத் தீர்த்துவிடு என்றிருக்கிறார்கள். இவரும் ஒத்துக்கொண்டு வந்துவிட்டார். இரண்டு பவுனுக்கு இன்றைய விலையில் எங்களிடம் இருப்பது கல்லூரிக்கு என்று என் கணக்கில் சேர்த்திருப்பது மட்டும்தான். அடுத்த வாரம் ஸ்ரீலேகாவின் பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட். நர்சிங் சேர வேண்டும். நான் தர மாட்டேன் என்றேன்.

என்னைச் சமையலறைக் கதவுக்கு இழுத்துப் போனார். "எம் மானத்துக்கு எவ்வளவு எழுதிருக்க? வெரல வச்சுக் காட்டு" என்றார். பின்மண்டையைப் பிடித்து, அந்தத் தாள் மேலேயே என் முகத்தை மோதினார். மறுபடியும் கேட்டார். மறுபடியும் மோதினார். ஸ்ரீலேகா அவர் கையைக் கடித்த பிறகு விட்டார். புருவத்தில் பிளந்திருக்கிறது. அலுவலகத்தில் கேட்டபோது, வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்தேன் என்று சொன்னேன். யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை, என் மேஜையில் ஒருவர் பிஸ்கட் பாக்கெட் வைத்துவிட்டுப் போனார்.

எனக்குள் ஒன்றைக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். நான்கு மாதம் எங்களைக் காப்பாற்றியது அந்தத் தாளா, அல்லது அவருக்கு அடிப்பதற்கு ஒரு காரணம் அதுவரை கிடைக்காமல் இருந்ததா? தெரியவில்லை. ஆனால் அந்தக் கல்லூரி வரியை அழிக்க மாட்டேன். அதை அழித்தால் ஸ்ரீலேகாவும் ஒரு நாள் இப்படி யாருக்கோ கடிதம் எழுதிக்கொண்டிருப்பாள்.

விஜயராணி


தாராவி
6-5-25

மதினிக்கு,

அண்ணன் எப்படி இருக்கு? சனிக்கெழம செம்பூர் ஸ்டேஷன் பிரிட்ஜுல வச்சு அடிச்சது இவியதான். கூட ரெண்டு பேரக் கூட்டிட்டுப் போனாவ. ஒருத்தன் கையில இரும்புக் கம்பி. வந்து ஒக்காந்து ஒவ்வொரு அடியையும் சொல்லிக் காட்டுனாவ எங்கிட்ட. காரை எலும்புல பட்டு சத்தம் கேட்டுச்சாம். "ஒங்க அண்ணன் ஆட்டுக்குட்டி மாதிரி கத்துனான்ட்டி"ன்னாவ. நான் சோறு வச்சிக்கிட்டே கேட்டுட்டு நின்னேன். தட்டக் கீழ போட்டா எனக்கு விழும்னு கெட்டியாப் புடிச்சுக்கிட்டேன். கூடப் பொறந்தவன அடிச்சவனுக்கு நான் சோறு போட்டேன் மதினி.

ஸ்ரீலேகா நல்ல மார்க்குன்னு மன்சூர் அலி பாய் மக சொல்லுச்சு. சந்தோசம்.

இப்ப நான் எழுத வந்தது வேற. கேட்டா கோவப்படுவீக. கோவப்பட்டாலும் கேளுங்க.

இவியளுக்கு எம் மேல சந்தேகம் வந்துட்டு. கூட்டத்துல செயினக் கழட்டும்போது எங் கையி நடுங்குனத இப்ப நெனச்சுப் பாத்திருக்காவ. மதினியும் நீயும் பேசி வச்சுத்தான் என்ன அசிங்கப்படுத்தினீகளான்னு கேக்காவ. சங்கத்துல போய்ச் சொல்லிட்டு வந்துட்டாவ. சொரிமுத்து மாமாதான் இப்ப தலைவர். அவரு, வாயால சொன்னா ஆகாது, பதினெட்டாந் தேதி ஞாயித்துக்கெழம அம்மன் படத்துக்கு முன்னால கற்பூரம் ஏத்தி வைப்போம், பிரம்மநாயகம் பொண்டாட்டி கையால கற்பூரத்த அணச்சு சத்தியம் பண்ணட்டும்னு சொல்லிட்டாரு. தங்கச்சிக்குத் தெரியாதுன்னு நீங்க சத்தியம் பண்ணினா, அண்ணன் வீடு ரெண்டு பவுனும் போடணும். தெரியும்னு சொல்லிட்டா, ரெண்டு வீட்டுப் பொம்பளையும் சேந்து பண்ணினது, யாரும் யாருக்கும் ஒண்ணும் தர வேண்டாம்.

தெரியும்னு நீங்க சொன்னா, இவிய என்ன உசுரோட விட மாட்டாவ. இது சும்மா சொல்லுதது இல்ல.

சத்தியத்த ஸ்ரீலேகா தலைல கை வச்சுத்தான் பண்ணணும்னு இவிய கேட்டு வாங்கிட்டு வந்திருக்காவ. எனக்கும் பயம்தான். அந்த அம்மன் முன்னால பொய்ச் சத்தியம் பண்ணின வீட்டுல, யாரு தலைல பண்ணுனாவளோ அவரு ஒரு மாசத்துல லோக்கல் டிரெயின்ல அடிபட்டுப் போனாரு, எங்க தெருதான். அது தெரிஞ்சும் கேக்குதேன். நீங்க காலேஜ் படிச்சவங்க, இதெல்லாம் நம்ப மாட்டீங்க. நம்பாதவங்க சொன்னா ஒருவேள பலிக்காது.

எனக்குத் தெரியாதுன்னு சொல்லிருங்க மதினி.

பாகீரதி


செம்பூர்
9 மே 2025

பாகீரதி,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அலுவலகக் கழிவறையில் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

என் மகள் தலையில் கை வைத்துப் பொய் சொல்லச் சொல்கிறாய். அதற்கு விலையாக அவள் படிப்புப் பணத்தையும் கொடுக்கச் சொல்கிறாய். இரண்டையும் ஒரே கடிதத்தில் கேட்க உனக்கு எப்படி மனம் வந்தது? நம்பாதவள் சொன்னால் பலிக்காது என்று எழுதியிருக்கிறாய். நான் சத்தியத்தை நம்புவதில்லை. நம்பாதவளுக்கும் அவள் தலையைத் தொட்டுப் பொய் சொல்ல வாய் வராது. ஏன் என்று எனக்கு விளக்கத் தெரியவில்லை. விளக்க வேண்டிய அவசியமும் இல்லை.

உன் அண்ணன் வலது பக்கத்தைக் கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டில் இருக்கிறார். பட்டறையில் சம்பளம் நின்றுவிட்டது. தாளில் அவர் வரியை அடித்துவிட்டு என் சம்பளத்துக்கு மட்டும் புதிதாக எழுதினேன். பால் பாதியாகிவிட்டது. கேபிள் இல்லை. மருந்துக்குப் புதிதாக ஒரு வரி. இவ்வளவுக்குப் பிறகும் ஒன்றை மட்டும் தொடவில்லை, அதைத்தான் எல்லோரும் கேட்கிறீர்கள். அவர் இடது கையால் டம்ளரை எறிந்து கேட்கிறார். நீ கடிதத்தில் கேட்கிறாய்.

நான் உண்மையைத்தான் சொல்லப் போகிறேன். உனக்கும் தெரியும் என்பேன். நகை கொடுக்க வேண்டியிருக்காது, அவள் கல்லூரிக்குப் போவாள். உன்னைப் பற்றி நினைக்காமல் இதை எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே இசக்கியைக் கூட்டிக்கொண்டு கோவண்டியில் உன் அத்தை வீட்டுக்குப் போய்விடு. ஒரு மாதம் போனால் அவர் கோபம் தணிந்துவிடும்.

தணியும் என்று எழுதிவிட்டு எனக்கே அது சரியாகப் படவில்லை. இருந்தாலும் அந்த வரியை அடிக்காமல் விடுகிறேன்.

விஜயராணி


13-5-25

மதினி

எடது கையால எழுதுதேன். வலது மணிக்கட்டு ஒடஞ்சு போச்சு. பால் கணக்குல ஒரு நாளு தப்பாச் சொல்லிட்டேன். கதவு எடுக்குல வச்சு மூடிட்டாவ.

கோவண்டில அத்த இல்ல. ரூம வித்துட்டு ஊருக்குப் போய் ரெண்டு வருசம் ஆச்சு. ஒங்களுக்குச் சொல்லலன்னு நெனைக்கேன்.

நான் கேட்டது தப்பு. ஸ்ரீலேகா தலைல வேண்டாம். அவ பொறந்தன்னைக்கு மொதல்ல தூக்குனது நான்தான். சயான் ஆஸ்பத்திரி வராண்டால அண்ணன் அழுதுக்கிட்டே ஜிலேபி குடுத்துச்சு. அந்தத் தலைல கை வச்சுப் பொய் சொல்லுங்கன்னு எழுதியிருக்கேன். அத எழுதுன கை ஒடஞ்சது சரிதான்னு தோணுது.

உண்மையச் சொல்லிருங்க. அவ படிக்கட்டும்.

இவிய ஒரு கேன்ல பெட்ரோல் வாங்கிட்டு வந்து கட்டிலுக்கு அடியில வச்சிருக்காவ. ஞாயித்துக்கெழமைக்குன்னு சொல்லுதாவ. பயமுறுத்தத்தான் வச்சிருக்காவளோ என்னவோ. ஞாயித்துக்கெழம இசக்கிய மட்டும் ஒங்க கூட அனுப்பி விடுதேன். அவளுக்கு ரெண்டு சப்பாத்தி போதும், ஒங்க தாள்ல எழுத வேண்டிய அளவுக்கு இருக்காது.

பாகீரதி


செம்பூர்
17 மே 2025, சனிக்கிழமை

பாகீரதி,

நேற்று மதிய உணவு நேரத்தில் போலீஸ் ஸ்டேஷன் வரை போனேன். உள்ளே இருந்த பெண் கான்ஸ்டபிள் என் புருவத்தைப் பார்த்து, புகார் எனக்காகவா என்று கேட்டாள். இல்லை, தாராவியில் இருக்கும் என் நாத்தனாருக்காக என்றேன். அவளே வந்து கொடுக்க வேண்டும் என்றாள். நீ வந்து கொடுத்துவிட்டுச் சாயங்காலம் எந்த ரூமுக்குத் திரும்பிப் போவாய் என்று யோசித்தேன். கட்டிலுக்கு அடியில் அந்தக் கேன் இருக்கும். நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இன்று காலை அலுவலகக் கம்ப்யூட்டரிலிருந்து ஸ்ரீலேகாவின் கல்லூரிக்கு முதல் வருடக் கட்டணம் முழுவதும் கட்டினேன். ஹாஸ்டலுக்கும் சேர்த்து. தவணையாகக் கட்டலாம் என்றுதான் தாளில் எழுதியிருந்தேன், அந்த ஒரு இடத்தில் பட்ஜெட்டை மீறினேன். இனி அந்தப் பணத்தை யாரும் கேட்க முடியாது. நாளை சங்கத்தில் என்ன தீர்ப்பு வந்தாலும் எங்கள் வீட்டில் எடுப்பதற்கு ஒன்றும் இல்லை. இது உன் அண்ணனுக்குத் தெரியும்போது என்ன நடக்கும் என்பதும் எனக்குத் தெரியும். அவருக்கு இடது கை நன்றாகத்தான் இருக்கிறது. வகுப்பு தொடங்கவில்லை என்றாலும் வார்டனிடம் பேசி ஸ்ரீலேகாவை நாளை காலையே ஹாஸ்டலுக்கு அனுப்பிவிடுவேன். சங்கத்துக்கு அவள் வர மாட்டாள்.

அவள் வராவிட்டால் அவள் தலையில் கை வைக்கவும் முடியாது. சொரிமுத்து மாமா அப்போது என்ன சொல்வார் என்று மூன்று நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன்.

கம்பியடி பட்ட நாளிலிருந்து உன் அண்ணனுக்கு நான்தான் சோறு ஊட்டுகிறேன். வலது கை தூக்க வரவில்லை, இடது கையால் சாப்பிட மாட்டேன் என்கிறார். தினமும் அலுவலகத்திலிருந்து வந்ததும் தரையில் உட்கார்ந்து பிசைந்து கொடுப்பேன். குழந்தை போல வாயைத் திறப்பார். முந்தாநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, "அந்த நாலு மாசம் நல்லாருந்துச்சுல்லா?" என்றார். எந்த நாலு மாதம் என்று நான் கேட்கவில்லை. ஆமாம் என்றேன். அவர் கண் கலங்கியிருந்தது. நான் முந்தானையால் அவர் வாயைத் துடைத்துவிட்டேன். உடனே அவர், "நாளைக்கு பேங்குக்குப் போய்ப் பணத்த எடுத்துட்டு வந்துரு, இல்லன்னா இந்தக் கைய வச்சே ஒன் கழுத்த நெரிச்சிருவேன்" என்றார். அதையும் அதே குரலில்தான் சொன்னார். அடுத்த கவளத்துக்கு வாயைத் திறந்தார். நானும் வைத்தேன். வைக்கும்போது என் விரல்கள் அவர் பல்லில் பட்டன. அப்போதுதான் முடிவு செய்தேன் என்று நினைக்கிறேன்.

நாளை கற்பூரம் ஏற்றுவார்கள். பிள்ளை எங்கே என்று உன் வீட்டுக்காரர் கேட்பார். பிள்ளை மேல் செய்ய மாட்டேன், தாலியைப் பிடித்துச் சத்தியம் செய்கிறேன் என்பேன். அதற்கு மேல் ஒருவரும் பேச மாட்டார்கள். சுமங்கலி தாலி மேல் சொல்லும் சொல்லுக்கு மேலே என்ன இருக்கிறது என்று மாமாவே சொல்வார். உன் அண்ணனும் அங்கே நாற்காலியில், கட்டுப் போட்ட கையோடு உட்கார்ந்திருப்பார். என் புருஷன் உயிர் மேல் ஆணை, பாகீரதிக்கு ஒன்றும் தெரியாது, எல்லாம் நான் ஒருத்தி செய்தது என்று சொல்லி, உள்ளங்கையால் கற்பூரத்தை அணைப்பேன். உன் வீட்டுக்காரருக்கு அந்தக் கேனை எடுக்கக் காரணம் இருக்காது. நாளைக்கு மட்டுமாவது இருக்காது.

நீ அந்த அம்மனை நம்புகிறவள். பொய்ச் சத்தியம் செய்தவர் வீட்டில் ஒரு மாதத்துக்குள் என்ன நடந்தது என்று நீதான் எனக்கு எழுதினாய். அவர் உன் கூடப்பிறந்தவர். வராண்டாவில் ஜிலேபி கொடுத்த அண்ணன். இதைப் படித்தால் உன் உயிர் போனாலும் பரவாயில்லை என்று சங்கத்துக்கு ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொள்வாய். அதனால் இந்தக் கடிதத்தை உனக்கு அனுப்பப் போவதில்லை. எழுதாமல் இருக்க முடியாததால் எழுதினேன். இந்தத் தாளை அடுப்பில் போட்டுவிட்டு அவருக்குச் சோறு பிசையப் போக வேண்டும்.

அந்த அம்மனை நான் நம்புகிறேனா என்று போன கடிதத்தில் உனக்குத் துணிந்து பதில் எழுதினேன். இன்று கேட்டால் அந்தப் பதிலை எழுத மாட்டேன். பொய் சொல்லும்போது எல்லோரும் மனதுக்குள், இது பலிக்கக் கூடாது தாயே என்று வேண்டிக்கொள்வார்களாம்.

நான் வேண்டிக்கொள்ளப் போவதில்லை.

விஜயராணி